காற்பங்கு வாக்கு: 54 நாளில் யாழ்ப்பாணம் திசைகாட்டிக்குப் போனது எப்படி?

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்தில் அநுரகுமார திசாநாயக்கவுக்கு விழுந்த வாக்குகள் 27,086. அதாவது 7.29 வீதம். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி, திசைகாட்டிச் சின்னத்தில், அதே மாவட்டத்தில் எடுத்தது 80,830. அதாவது 24.85 வீதம். முதலிடம். ஆறு ஆசனத்தில் மூன்று. இரண்டு தேர்தலுக்கும் இடையில் 54 நாள்.

அந்த 54 நாளில் இங்கே யாருடைய படிப்பும் கூடவில்லை. யாருடைய சாதியும் மாறவில்லை. காணி இல்லாத குடும்பத்துக்குக் காணி வரவில்லை, கனடாக் காசு வந்துகொண்டிருந்த வீட்டுக்கு அது நிற்கவுமில்லை, வெங்காயத் தறையில் குனிந்து வேலை செய்கிற அக்காவின் நாட்கூலியும் அப்படியேதான் இருந்தது. ஓர் இடத்தின் சமூக, பொருளாதார நிலையைப் பார்த்தால் அது எப்படி வாக்களிக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்கிறவர்கள் முதலில் பதில் சொல்லவேண்டியது இந்த 54 நாளுக்குத்தான். நானும் அப்படி நம்புகிறவன். அதனால்தான் பழைய தேர்தல் முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை. பட்டதாரிகள் மிக அதிகமாக இருக்கிற மாசசூசெட்ஸ், மேரிலாண்ட், கொலராடோ மூன்றும் 2024இல் கமலா ஹாரிஸுக்குப் போயின. பட்டதாரிகள் மிகக் குறைவாக இருக்கிற மேற்கு வர்ஜீனியாவும் மிசிசிப்பியும் டொனால்ட் ட்ரம்புக்குப் போயின. படிப்பு, இனம், மதப்பற்று, நகரமா கிராமமா என்ற இந்த நாலும் தெரிந்தால் பெரும்பாலான மாநிலங்களைச் சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே மேற்கு வர்ஜீனியாவின் பழைய கதையையும் பார்க்கவேண்டும். நிலக்கரிச் சுரங்கமும் தொழிற்சங்கமுமாக இருந்த ஏழை மாநிலம் அது; 1988இல் ஜனநாயகக் கட்சியின் டுகாகிஸ் நாடு முழுவதும் படுதோல்வி கண்டபோதுகூட அவருக்கு வாக்களித்தது, 1996இல் கிளின்டனுக்குப் போட்டது, 2000இல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கு மாறியது, அதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சிப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழ்மை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதே ஏழ்மை முதலில் ஒரு பக்கம் இழுத்தது, பிறகு மறுபக்கம் இழுத்தது. காரணி அப்படியே இருக்க, தேர்தல் அதனிடம் கேட்ட கேள்வி மாறிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் எனக்குத் தெரிந்தவரை நடந்தது இதுதான், ஆனால் இங்கே அது பன்னிரண்டு வருடத்தில் நடக்கவில்லை, 54 நாளில் நடந்தது.

யார் இங்கே வாக்காளர்

யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்ற இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து கிளிநொச்சி வரை 11 தொகுதிகள், 2024இல் 593,187 வாக்காளர். பாராளுமன்றத்துக்கு 2010இல் ஒன்பது பேரை அனுப்பிய மாவட்டம், 2015இலும் 2020இலும் ஏழு பேரை அனுப்பியது, 2024இல் ஆறு பேரை. ஆசனம் குறைந்ததற்கே சமூகக் காரணம் உண்டு. இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981 கணக்கெடுப்பில் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள், 2012இல் 5 லட்சத்து 83 ஆயிரம் பேர். போனவர்கள் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே அளவில் போகவில்லை. காணியை ஈடு வைக்க முடிந்தவன் போனான், முன்னமே ஒரு அண்ணனோ மாமனோ வெளியில் இருந்தவன் போனான். ஏஜென்சிக்குக் கட்டக் காசில்லாதவன் இங்கே நின்றான். அதனால் இன்றைய வாக்காளர் பட்டியலை யாழ்ப்பாணச் சமூகத்தின் முழுப் படம் என்று எடுக்கக்கூடாது, ஊரில் தங்கியவர்களின் பட்டியல் அது. மேடையில் பேசுகிறவர்களும் வெளிநாட்டிலிருந்து கட்சிக்குக் காசு அனுப்புகிறவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என்னுடைய நீண்டநாள் மனவருத்தம்.

எங்கள் ஒழுங்கையையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது வீடு. நாலு வீட்டுக்கு மாதாமாதம் வெளியிலிருந்து காசு வருகிறது, இரண்டு வீட்டில் அரசாங்க உத்தியோகம், மூன்று வீடு அன்றன்றைக்கு உழைத்துச் சாப்பிடுகிற வீடு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது முதல் நாலு வீட்டுக்கும் வருகிற காசு ரூபாயில் கூடியது. கடைசி மூன்று வீட்டில் இரவுச் சாப்பாடு குறைந்தது. ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே போர் இழப்பு, ஆனால் அந்த வருடம் அவர்கள் இரண்டு வேறு நாட்டில் வாழ்ந்தார்கள். அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த 94.9 மூன்று வீட்டுக்குத்தான் உறைத்தது.

வெங்காயமும் மிளகாயும் போட்ட வாக்கு

யாழ்ப்பாணம் உணர்ச்சிக்கு வாக்களிக்கும், வயிற்றுக்கு வாக்களிக்காது என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 1982 ஜனாதிபதித் தேர்தலை. தமிழர் விடுதலைக் கூட்டணி அதில் நிற்கவில்லை. யாழ் மாவட்டத்தில் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் 40 வீதம் எடுத்தார், அதில் வியப்பில்லை. இரண்டாவதாக வந்தவர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ, 77,300 வாக்கு, 35 வீதத்துக்கு மேல். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜெயவர்தன மூன்றாமிடம். ஒரு சிங்களத் தலைவர், அதுவும் தமிழர் எதிர்த்த 1972 அரசியலமைப்பையும் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த தரப்படுத்தலையும் கொண்டுவந்த ஆட்சியின் அமைச்சர், பத்து வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எப்படி எடுத்தார்?

பதில் தோட்டத்தில் இருக்கிறது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கொப்பேகடுவ அப்போது விவசாய அமைச்சர். சிவப்பு மண்ணில் கிணற்றுத் தண்ணீரில் இந்தப் பயிர்களைச் செய்தவன் யாழ்ப்பாணத்து விவசாயி, அவனுக்கு நாடு முழுவதும் சந்தை திறந்தது. எங்கள் அப்பாச்சி வீட்டின் முகப்பில் 1975 என்று சீமெந்தில் பொறித்திருக்கும். அந்த வீடு இரண்டு போக மிளகாயில் கட்டியது என்று அவர் சொல்வார், அவருக்கு முன் அந்த வளவில் மண் சுவரும் கிடுகுக் கூரையும்தான். 1977க்குப் பிறகு ஜே.ஆரின் ஆட்சியில் திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதி வெங்காயம் வந்தது, விலை விழுந்தது. ஐந்து வருடம் கழித்து அந்தத் தோட்டக்காரன் வாக்குச் சீட்டில் அதைச் சொன்னான்.

சரி, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக்கூடாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, அப்போது ஆட்சியில் இருந்தது ஜே.ஆரின் கட்சி. ஆகவே கொப்பேகடுவவுக்கு விழுந்ததில் எவ்வளவு மிளகாய்க் காசின் நன்றி, எவ்வளவு நூலகத்தின் கோபம் என்று பிரிக்க முடியாது. ஒரு மாவட்டத்தின் மொத்த வாக்கை வைத்துத் தனி மனிதனின் மனதைச் சொல்ல முடியாது என்பது இந்தத் துறையில் முதலில் படிக்கிற பாடம். அமெரிக்காவிலும் பணக்கார மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிக்குப் போன காலத்தில், மாநிலத்துக்குள்ளே பணக்காரர் குடியரசுக் கட்சிக்கே கூடுதலாகப் போட்டார்கள். ஆனாலும் கோபம் மட்டும்தான் காரணம் என்றால் அந்த வாக்கு முழுவதும் பொன்னம்பலத்துக்குப் போயிருக்கலாம், கொப்பேகடுவவிடம் போகத் தேவையில்லை. அவரிடம் போனது ஏன் என்பதற்கு வெங்காயத்தைத் தவிர எனக்கு வேறு நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

காணி, கடல், சாதி

இப்போது 2024க்கு வருவோம். இந்த மாவட்டத்துக்குள்ளே வாக்கைப் பிரிக்கிற விடயங்கள் என்று நான் பார்க்கிறவற்றில் முதலாவது தொழிலும் அதற்கு வேண்டிய எரிபொருளும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அறிவிப்பில் 340 ரூபாயானது. கொழும்பில் இருக்கிறவருக்கு அது ஒரு செய்தி. கோப்பாயில் இறைப்பு மெசினில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுகிறவருக்கும் குருநகரில் இயந்திரப் படகு வைத்திருக்கிறவருக்கும் அது தொழிலை விடுவதா வைத்திருப்பதா என்ற கேள்வி. நான் அந்த மாதம் ஒரு தோட்டத்தில் நின்றேன். மெசினை நிறுத்திவிட்டு அந்த ஐயா கானுக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, எவ்வளவு மிச்சம் நனைந்திருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்தார், பிறகு வாய்க்காலைத் திருப்பி நாலு பாத்திக்குத் தண்ணீர் போகாமல் மண்ணை வெட்டிப் போட்டார். அந்த நாலு பாத்தியும் அந்தப் போகத்தில் காய்ந்தது. அதற்கு முந்தைய வருடம் இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்த கடனும் அவர் தலையில் இருந்தது.

கடற்கரையில் இன்னொரு பாரம். இந்திய இழுவைப் படகுகள் இரவில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போவது வருடக்கணக்கான துயரம். இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள், ஆனால் இரவில் பருத்தித்துறைக் கரையிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. 2019 முடிவிலிருந்து கடற்றொழில் அமைச்சராக இருந்தவர் யாழ்ப்பாணத்து டக்ளஸ் தேவானந்தா. ஊர்க்காரர் ஒருவர் அமைச்சராக இருந்தும் தீரவில்லை என்ற எண்ணம் கடற்கரையில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது நவம்பரில் தெரிந்தது. 1994 முதல் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்தவர் அந்தத் தேர்தலில் ஆசனத்தை இழந்தார்.

காணியைப் பற்றி நீளமாக எழுதலாம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். பலாலி–அச்சுவேலி வீதி 34 வருடத்துக்குப் பிறகு திறக்கப்பட்டது 2024 நவம்பர் 1ஆம் திகதி, வாக்களிப்புக்கு இரண்டு கிழமை முன். ஆட்சிக்கு வந்து ஆறு கிழமை ஆன ஒருவர் செய்த ஒரு காரியம். அந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் போய் படமெடுத்துப் போட்டவர்களில் பலர் அந்த வீதி மூடியபோது பிறக்காதவர்கள்.

சாதியை விட்டுவிட்டு யாழ்ப்பாண வாக்கைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இராது. இலங்கைக் கணக்கெடுப்பில் சாதி கேட்பதில்லை, ஆகவே எண் எதுவும் கிடையாது. ஆனால் வரலாறு இருக்கிறது. 1956இல் பருத்தித்துறைத் தொகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன்னம்பலம் கந்தையா வென்றார். 1960களில் தேநீர்க்கடைக்குள் போகவும் கோயிலுக்குள் போகவும் நடந்த போராட்டங்களில், 1968 மாவிட்டபுரம் உட்பட, ஒடுக்கப்பட்ட மக்களோடு நின்றவர்கள் இடதுசாரிகள். தமிழ்த் தேசியத்தின் பெரிய வீட்டுக்குள் தங்களுக்குத் திண்ணை மட்டும்தான் என்று உணர்ந்த ஒரு பகுதி எப்போதும் இருந்தது. போருக்குப் பிறகு வலிகாமத்து நலன்புரி முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப்போகச் சொந்தக் காணி இல்லாதவர்கள், அவர்கள் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு தென்னிலங்கை இடதுசாரிக் கட்சிக்கு அந்த வீடுகளில் கதவு திறந்தது தற்செயல் இல்லை.

கிளிநொச்சி மாத்திரம் வேறு மாதிரி. அங்கே தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் முன்னுக்கு நின்றது, இந்தத் தேர்தல் மாவட்டத்தில் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனமும் அங்கே வேரூன்றிய சிறீதரனுக்குத்தான். ஏழ்மையை மட்டும் வைத்துப் பார்த்தால் கிளிநொச்சிதான் முதலில் திசைகாட்டிக்குப் போயிருக்கவேண்டும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் காணி உறுதி இல்லாதவர்கள் அங்கே நிறைய. ஆனால் 2009ஐ உடம்பில் சுமக்கிற ஊர் அது. பிள்ளையைத் தேடித் தெருவில் பல வருடம் உட்கார்ந்த தாய்மார் இருக்கிற ஊர். அங்கே நினைவு ஏழ்மையை முந்திக்கொண்டது.

அந்தக் காற்பங்கு

இவ்வளவும் சொன்ன பிறகும் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. மேலே சொன்ன எல்லாமே செப்டம்பரிலும் இருந்தவை. மண்ணெண்ணெய், இழுவைப்படகு, சாதி எல்லாம் செப்டம்பர் 21இலும் இருந்தன, ஆனால் அநுரவுக்கு 7.29 வீதம்தான் விழுந்தது. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் சஜித் பிரேமதாச 121,177, தமிழ்ப் பொதுவேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் 116,688, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 84,558.

ரணிலின் அந்த வாக்கை வீதத்தில் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. 22.75. நவம்பரில் திசைகாட்டிக்கு 24.85. பழைய முடிவுகளை எடுத்துப் பார்த்தேன். 2010 ஜனாதிபதித் தேர்தல், போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆட்சியில் இருந்த மகிந்த ராஜபக்சவுக்கு யாழ்ப்பாணத்தில் 24.75 வீதம். 2015 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கே 21.85. 2020 பொதுத் தேர்தலில் அரசாங்கத்தோடு நின்ற சுதந்திரக் கட்சியின் கைச் சின்னத்துக்கு 13.75, டக்ளஸ் கட்சியின் வீணைச் சின்னத்துக்கு 12.76, கூட்டினால் 26.5. கட்சி மாறுகிறது, ஆள் மாறுகிறது, ஆனால் கொழும்பில் ஆட்சியில் இருக்கிற பக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் நாலில் ஒரு பங்கு அளவில் வாக்கு விழுந்துகொண்டே இருக்கிறது. 2019இல் கோத்தாபயவுக்கு 6 வீதம்தான் விழுந்தது, ஆனால் அப்போது அவர் ஆட்சியில் இல்லை. ஆளும் பக்கத்தில் நின்ற சஜித்துக்கு 83.86 வீதம், அதில் பெரும்பகுதி கோத்தாபய மீதான பயம்.

செப்டம்பரில் அநுர எதிர்க்கட்சி. நவம்பரில் அவர் ஜனாதிபதி. 54 நாளில் மாறியது இதுதான்.

இந்தக் காற்பங்கு யார்? விலைபோனவர்கள், துரோகிகள் என்றெல்லாம் இவர்களைத் திட்டியே பழகிவிட்டார்கள், அந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். நெடுந்தீவில் இருக்கிறவருக்குக் குறிகட்டுவானுக்கு வர அரசாங்கப் படகு வேண்டும், பாலம் கிடையாது. குமுதினி என்ற அந்தப் படகு ஓடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது பெரும்பாடு. வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற விதவைக்கு அரசாங்கம் வேண்டும். என்னுடைய மச்சாள் ஒருத்தி கலைப் பட்டம் முடித்துவிட்டு நாலு வருடம் வேலையில்லாமல் இருந்தாள். ஒரு அரசியல்வாதியின் இணைப்பாளரிடம் பரிந்துரைக் கடிதத்துக்காக எத்தனை தடவை போய் வாசலில் நின்றாள் என்று அவளைக் கேட்டால் இன்றும் அழுவாள். வெளிநாட்டில் அண்ணன் இருந்திருந்தால் அவள் அந்த வாசலுக்குப் போயிருக்கமாட்டாள். அரசாங்கம் இல்லாமலும் சமாளிக்க முடிகிற வீடு, அரசாங்கம் இல்லாமல் சமாளிக்க முடியாத வீடு என்ற இந்தப் பிரிவைத்தான் யாழ்ப்பாணத்து வாக்கை ஊகிப்பதற்கு நான் முதலில் பார்ப்பேன், படிப்பையோ வருமானத்தையோ விட.

2024இல் ஒரு வித்தியாசம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். முன்பு இந்த வாக்கு தரகர் வழியாகப் போனது. அமைச்சர், அவருடைய ஆள், அந்த ஆளின் ஆள். இந்தமுறை நேரே போனது. மச்சாள் சொன்னது: "எல்லாருக்கும் போட்டுப் பாத்தாச்சு. இவனுக்கும் ஒருக்காப் போட்டுப் பாப்பம், கடிதம் கேக்காமல் வேலை குடுத்தாலும் குடுப்பான்." அதே கோபத்தின் இன்னொரு கிளைதான் சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து பேஸ்புக் நேரலையில் பேசிப் புகழ்பெற்ற மருத்துவர் அர்ச்சுனா, அவருடைய சுயேச்சைக் குழு ஊசிச் சின்னத்தில் 27,855 வாக்கு எடுத்து ஓர் ஆசனம் பெற்றது. இந்த வாக்கை எந்தப் பழைய காரணிக்குள்ளும் அடக்க முடியவில்லை. போனில் நேரலை பார்க்கிற நேரம்தான் அதன் காரணி.

44 பட்டியல்

நாலில் ஒரு பங்கு வாக்கு பாதி ஆசனம் ஆனது எப்படி என்பது தனிக் கதை. 2004இல் வீடு யாழ்ப்பாணத்தில் 90 வீதம் எடுத்தது, 2015 பொதுத் தேர்தலில் 69, 2020இல் 31, 2024இல் 19.47. அந்த வீட்டிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறிய கதை எல்லோருக்கும் தெரியும். வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2023இல் முற்றாகப் பிரிந்தது. 2024 செப்டம்பரில் தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்க, அதே கட்சியின் சிறீதரன் அரியநேத்திரனோடு நின்றார். நவம்பரில் யாழ்ப்பாணத்து வாக்குச் சீட்டில் 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், வெளியே வந்து சொன்னார்: "வீடு எங்கை இருக்கெண்டு தேடுறதுக்கே நேரம் போட்டுது, பிள்ளை." போனவர் வாக்காளரில் 60 வீதம், போட்ட வாக்கில் 32 ஆயிரத்துக்கு மேல் நிராகரிக்கப்பட்டது, ஏறக்குறையப் பதினொரு சீட்டில் ஒன்று. இந்த எண்ணைப் பற்றி யாருமே பேசாதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஆசனக் கணக்கு இப்படி. முதலில் வருகிறவருக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் குறைந்தவர்களைக் கழிக்கவேண்டும். சஜித்தின் கட்சி 15,276 எடுத்து அதில் விழுந்தது, இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கே 121,177. மிச்சம் நிற்பது ஆறு பட்டியல், மொத்தம் 240,241 வாக்கு. அதை மீதி ஐந்து ஆசனத்தால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 48,048. திசைகாட்டிக்கு ஒன்று, 63,327 எடுத்த வீட்டுக்கு ஒன்று. மூன்று ஆசனம் மிச்சம், அது மீதி வாக்குகளின் வரிசைப்படி: திசைகாட்டிக்கு மீதி 32,782, தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளுக்கு 27,986, ஊசிக்கு 27,855. ஆகவே திசைகாட்டிக்கு மூன்று. கூட்டமைப்பிலிருந்து பிரிந்த கட்சிகளின் கூட்டணி நின்ற சங்கு 22,513 எடுத்தும் ஒன்றும் இல்லை.

இப்போது வீடு, சைக்கிள், சங்கு மூன்றும் ஒரே பட்டியலாக நின்று அதே வாக்கை எடுத்திருந்தால்? 113,826. முதலிடம் அவர்களுக்கு, போனஸும் அவர்களுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கூட்டுக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, ஊசிக்கு ஒன்று. ஒரு வாக்காளர்கூட மனம் மாறாமல் நாடு முழுவதும் வேறு தலைப்புச் செய்தி வந்திருக்கும். "யாழ்ப்பாணம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டது" என்று தெற்கிலும், "சனம் ஏமாந்துபோச்சு" என்று இங்கேயும் எழுதியவர்கள் இந்தக் கழித்தலைச் செய்து பார்த்திருக்கவேண்டும்.

இதற்கு எதிரான சான்றும் இருக்கிறது. 2013 மாகாண சபைத் தேர்தலில் கூட்டமைப்பு யாழ் மாவட்டத்தில் 84 வீதம் எடுத்தது, ஆட்சிப் பக்கம் 14 வீதத்துக்கு இறங்கியது. காற்பங்கு என்பது கல்லில் எழுதியது இல்லை. தமிழர் பக்கம் ஒரே பட்டியலாக நின்று, தேர்தலும் "உங்களை ஆள்வது யார்" என்று நேரடியாகக் கேட்டால் அந்தக் காற்பங்கில் பாதி அந்தப் பக்கம் போய்விடுகிறது. 2005இல் புலிகளின் புறக்கணிப்பில் ஏழு லட்சம் வாக்காளரில் 8,524 பேர் மட்டும் வாக்களித்தபோது எந்தக் காரணியுமே வேலை செய்யவில்லை என்பதும் இந்தக் கணக்கில் சேரவேண்டியது.

ஆறு மாதம் கழித்து

2025 மார்ச் 28ஆம் திகதி வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்ற வர்த்தமானி வந்தது. உறுதி போரில் எரிந்தவர், பாட்டன் பெயரில் காணி இருந்து பாரிசில் வாழ்கிறவர், எல்லோருக்கும் நெஞ்சு பதறியது. தனியார் காணியில் கட்டியது என்று தமிழர் எதிர்க்கிற தையிட்டி விகாரைப் பிரச்சினையும் கூடவே எரிந்துகொண்டிருந்தது. மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் வீடு முதலிடத்துக்கு வந்தது, மாநகர சபை உட்பட. அந்த மாதக் கடைசியிலேயே அரசாங்கம் வர்த்தமானியைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. மச்சாள் அந்த மே மாதம் யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். "வீட்டுக்குத்தான். இது காணிப் பிரச்சினையல்லோ," என்றாள். நவம்பரில் திசைகாட்டிக்குப் போட்டதற்காக அவள் வருந்தவும் இல்லை, இரண்டையும் முரணாகப் பார்க்கவும் இல்லை.

வடக்கு மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அது வருகிற நாளில் கருத்துக்கணிப்பு எதுவும் இல்லாமல் முடிவை ஊகிக்கச் சொன்னால் நான் மூன்று விடயத்தைத்தான் பார்ப்பேன். சீட்டில் தமிழ்ப் பட்டியல்கள் எத்தனை, அந்த மாதம் ஒழுங்கையில் சனம் பேசுவது காணியைப் பற்றியா மண்ணெண்ணெயைப் பற்றியா, பரிந்துரைக் கடிதத்துக்காக யாருடைய வாசலிலாவது இன்னும் வரிசை நிற்கிறதா.